பிற்ற வெண்டன்

“சாவியைத் தாங்கோ அம்மா, நேரம் போகுது,” என்று மூன்றாவது தடவையாகக் கையை நீட்டினான் நிஷாந்தன்.

சுலோஜனா அதைச் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தாள். வீட்டுக்குக் கீழே நின்ற அந்தச் சாம்பல்நிறக் காரை எட்டு நாளாக அவள் யாரையும் திறக்க விடவில்லை. பின்பெட்டிக்குள் ரைஸ் குக்கரும், ஐந்து கிலோ சம்பா அரிசியும், ஒரு டின் பருத்தித்துறை வடையும், புருசன் ஞானசுந்தரம் கடலுக்கென்று புதிதாக வாங்கிய அரைக்காற்சட்டையும் அப்படியே கிடந்தன. போர்த்துக்கல் வரைக்கும் போகவேண்டிய சாமான்கள். பாதியில் கார்ல்ஸ்ரூஹேக்குத் திரும்பி வந்து நின்றன.

“நான் இந்தக் காரிலைதான் வருவன்.”

“உங்களுக்கெண்டு செல்வராசா மாமா பெரிய கார் கொண்டுவந்து நிக்கிறாரம்மா.”

“அவரின்ரை காரிலை நான் கால் வையன்.”

அந்த நேரம் பார்த்துப் படியிறங்கி வந்தாள் பக்கத்துத் தெருச் சந்திரகாந்தி. வந்தவள் சும்மா போயிருக்கலாம். சுலோஜனாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணை கொடுத்து வைச்ச மனுசன், அக்கா. ஒரு நோவு நொம்பலம் இல்லாமல் நித்திரையிலை போயிட்டார். அதுவும் எங்கடை ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தாப் பிறகு.”

“நோகேல்லை எண்டு உமக்குத் தெரியுமோ? உள்ளுக்கிருந்து பாத்தனீரோ?”

சந்திரகாந்தி கையை விட்டாள். துக்கத்தில் கதைக்கிறாள் என்று நிஷாந்தன் கண்ணால் மன்னிப்புக் கேட்டான். துக்கமாம்! எட்டு நாளில் சுலோஜனாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வந்ததெல்லாம் கோபம். பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய் நொந்துபோயிருந்தது. பெட்டிக்குள் கிடக்கும் மனுசனை எழுப்பி வைத்து நாலு கேள்வி கேட்கவேண்டும்போல இருந்தது அவளுக்கு.

முப்பது வருடம் அந்த மனுசன் இந்த நகரத்தில் பஸ் ஓட்டியவர். ஊரையெல்லாம் ஏற்றி இறக்கியவர் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போனதெல்லாம் பாரிசில் கலியாணம், லண்டனில் பூப்புனித நீராட்டு விழா, சூரிச்சில் அந்திரட்டி. எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரு மண்டபம், ஒரு வீடியோக்காரன், அதே இடியப்பம். பென்சன் எடுத்த கையோடு சுலோஜனா தன் ஆசையைச் சொல்லிவிட்டாள். ஒரு சொந்தக்காரர்கூட இல்லாத ஊர்களாகப் பார்த்துப் போகவேண்டும். இத்தாலி, பிரான்சின் தெற்குக் கரை, ஸ்பெயின், போர்த்துக்கல். ஒக்டோபர் மாதம், சனமும் குறைவு. ஞானசுந்தரம் சம்மதித்தார். ஆனால் அவர்கள் ஊரில் இல்லாத சனிக்கிழமைதான் செல்வராசாவின் பேத்திக்குச் சாமத்தியவீடு, அதே பூப்புனித நீராட்டு, என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு முகம் சரியில்லை. “பாலிய சிநேகிதன். என்ன நினைப்பானோ?” என்று வெளிக்கிடும் வரைக்கும் அரற்றிக்கொண்டிருந்தார்.

காரில் மூன்றாவதாக ஒருத்தியும் வந்தாள். கண்ணாடியில் ஒட்டிவைத்த பழைய வழிகாட்டிக் கருவி. ஞானசுந்தரத்துக்கு ஃபோன் காட்டும் வழியில் நம்பிக்கையில்லை. அந்த ஜெர்மன் பெண்குரல் இடம் என்றால் இடம், வலம் என்றால் வலம். சுலோஜனா அவளுக்கு வைத்த பேர் சக்களத்தி.

“நான் சொன்னால் கேளாத மனுசன், அவள் சொன்னால் மட்டும் மண்டையை ஆட்டுறியள்.”

“அவள் ஒருக்காத்தான் சொல்லுவாள். நீர் ஒன்பதுதரம் சொல்லுவீர்.”

வழி தவறினால் அவள், ‘பிற்ற வெண்டன்’ என்பாள். தயவுசெய்து திரும்பவும். முதல் நாள் கோமோ ஏரிக்கரையில் ஒரே சந்தியைச் சுற்றிச் சுற்றி வந்தபோது அதையே ஏழெட்டுத்தரம் சொன்னாள். ஞானசுந்தரம் ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார். “கேட்டீரே, வெண்டன் வெண்டன் எண்டிறாள். உம்மை வெண்டிட்டாளாம், நீர் தோத்திட்டீர்.”

இரண்டாம் நாள் ஜெனோவாவுக்கு அப்பால் கடலோரத்தில் தங்கினார்கள். அறைக்குள் களவாகச் சோறு வைத்து, பருப்பும் கருவாட்டுப் பொரியலும் பல்கனியில் இருந்து சாப்பிட்டார்கள். அப்போதுதான் கேட்டார், “இஞ்சை எனக்கு ஏதும் எண்டால் நீர் என்ன செய்வீர்? நன்றி சொல்லுற ‘கிராட்சியே’யைத் தவிர இத்தாலியிலை வேறை ஒண்டும் தெரியாதே.” வாயைக் கழுவுங்கோ என்று அவள் ஏசினாள். அவர் சிரித்தார்.

விடிய எழும்பினால் மனுசனுக்கு முகம் வெளிறிக்கிடந்தது. நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

“வாய்வு குத்துது சுலோ. வீட்டை போவம்.”

“வாய்வுக்கு ஆரும் ஸ்பெயினை விட்டிட்டு வீட்டை போறவையே? டொக்டரிட்டைப் போவம்.”

“இவங்களுக்கு வாய்வை என்னெண்டு சொல்லுறது? ஜெர்மன்காரனுக்கே விளங்காது.”

இஞ்சியும் உள்ளியும் தட்டி ரைஸ் குக்கரில் அவித்துக் கொடுத்தாள். குடித்தார். குடித்துவிட்டும் காரை வடக்கே திருப்பினார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சுலோஜனாவுக்கு எல்லாம் வெளித்துவிட்டது. மனுசன் நாளைக்குச் சால்வையும் போட்டுக்கொண்டு செல்வராசாவின் மண்டப வாசலில் நிற்கப்போகிறார். அதற்கு வாய்வு ஒரு சாட்டு. அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பி இருந்தாள். இனி ஒரு சொல்லுக் கதைப்பதில்லை என்று முடிவெடுத்தாள், எடுத்தபடியே செய்தும் காட்டினாள். அவளுக்கு அது நன்றாக வரும்.

சுவிஸில் கொத்தார்ட் சுரங்கத்துக்கு முன்னால் பெட்ரோல் அடித்தபோது அவள் கழிப்பறைக்குப் போய்வந்தாள். அவர் வழிகாட்டியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். “தலையிடிக்குது, இவளை வாய்மூடப் பண்ணிட்டன்,” என்றார். அதற்குப் பிறகு பாசல் வரைக்கும் இரண்டு பெண்களும் அவரோடு பேசவில்லை.

எல்லை தாண்டி ஜெர்மனிக்குள் வந்த முதல் தரிப்பிடத்தில் காரை விட்டார். பஸ் ஓட்டியவரல்லவா, இரண்டு கோட்டுக்கும் நடுவில் அச்சொட்டாக விட்டார். கைபிரேக்கை இழுத்தார். “கொஞ்சம் கண்ணயரப் போறன். பத்து நிமிசத்திலை எழுப்பும் என்ன,” என்றார்.

பிறகு ஒரு லாரிக்காரன் ஆம்புலன்சைக் கூப்பிட்டான். அது வர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மருத்துவமனையில் ஒரு பெண் டொக்டர், முன்னமே ஏதாவது நோ இருந்ததா என்று கேட்டாள். சுலோஜனா, “லுஃப்ட்” என்றாள். காற்று. டொக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

மேலிருந்து சனம் இறங்கத் தொடங்கியது. பதினொரு மணிக்கு மயான மண்டபத்தில் குறித்துக் கொடுத்த டெர்மின். ஒன்றரை மணித்தியாலம்தான் தருவார்கள். அதற்குள் தேவாரம், சுண்ணமிடித்தல், வாய்க்கரிசி எல்லாம் முடிந்துவிட வேண்டும், அடுத்தவர் காத்திருப்பார். சுலோஜனா முடிச்சை அவிழ்த்துச் சாவியை மகனிடம் கொடுத்தாள். தான் எப்போதும் இருக்கும் முன் இருக்கையில் ஏறி இருந்தாள். ஓட்டும் இருக்கை அந்த மனுசனுடைய காலுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளியிருந்தது. தரிப்பிடத்திலிருந்து காரைக் கொண்டுவந்த அன்றைக்கு அதைத் தொட மனம் வராத நிஷாந்தன், இப்போது முன்னால் இழுத்தான்.

“வழி தெரியுமே?” என்று கேட்டாள். அவன் வால்டோர்ஃபில் குடியிருப்பவன், இந்த ஊர் மயானத்துக்குப் போனதில்லை.

“என்ரை ஃபோனைச் சிநேகிதன் டக்ளஸ் வாங்கிக்கொண்டு போயிட்டான், கனடாக்காரருக்கு லைவ் காட்ட. அப்பாவின்ரையிலை போடுறன்.”

முன்பலகை லாச்சியைத் திறந்து வழிகாட்டியை எடுத்தான். அன்றைக்குக் கழற்றி உள்ளே போட்டவன் பிறகு தொடவில்லை. வயரைக் குத்தினான். திரை வெளித்தது. முந்தின பயணத்தைத் தொடரவா என்று கேட்டது. கீழே போகவேண்டிய இடத்தின் பெயர் இருந்தது.

நிஷாந்தன் கையைப் பின்னால் எடுத்தான். சுலோஜனா முதியோர் இல்லத்தில் இருபது வருடம் வேலைசெய்தவள், அந்தச் சொல்லை அவளுக்கு யாரும் வாசித்துக் காட்டத் தேவையில்லை. நோட்டவுஃப்னாமே. அவசர சிகிச்சைப் பிரிவு. மேலே இருந்தது மரணப் பத்திரத்தில் இருந்த அதே மருத்துவமனையின் பெயர்.

“அம்மா, அப்பா வீட்டை வரேல்லை,” என்றான் மெதுவாக. “ஆஸ்பத்திரிக்குத்தான் வந்திருக்கிறார். எல்லையைத் தாண்டீட்டால் உங்களுக்குக் கரைச்சலில்லை எண்டு நினைச்சிருப்பார்.”

சுலோஜனா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவளுக்குச் சொல்லியிருக்கிறார்.”

“ஆருக்கம்மா?”

“இவளுக்குச் சொல்லத் தெரிஞ்ச மனுசனுக்கு எனக்குச் சொல்லத் தெரியேல்லை. முப்பத்தெட்டு வருசம் சோறு போட்டவள் பக்கத்திலை இருக்கிறன். ஆஸ்பத்திரி எண்டு ஒரு சொல்லு. ஒரேயொரு சொல்லு. படுபாவி மனுசன், என்னை வாய்வு எண்டு பேய்க்காட்டினவர்!” அவள் உள்ளங்கையால் முன்பலகையில் ஓங்கி அடித்தாள். வெளியே நின்ற சந்திரகாந்தி திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா…”

“பத்து நிமிசத்திலை எழுப்பச் சொன்னவர்.” இதை அவள் இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. “நான் எழுப்பேல்லை. எழுப்புறதெண்டால் கதைக்கவேணுமே.”

“எவ்வளவு நேரம் இருந்தனீங்கள்?”

“முக்கால் மணித்தியாலம்.”

பின்னால் செல்வராசா ஹோர்ன் அடித்தார். கார்கள் வரிசையாக வெளிக்கிட்டுவிட்டன. மயான முகவரி போட அவன் திரைக்குக் கையைக் கொண்டுபோனபோது சுலோஜனா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“அதை அழியாதை. முன்னாலை போற காரைப் பாத்துப் போ.”

அவளே விரலை வைத்துத் தொடர் என்பதை அழுத்தினாள். பிறகு மூலையில் குறுக்குக் கோடு போட்டிருந்த ஒலிபெருக்கிப் படத்தையும் அழுத்தினாள்.

கார் தெருவில் ஏறி மயானத்தின் பக்கம் திரும்பியது. சக்களத்தி எட்டு நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

“பிற்ற வெண்டன்.”

முன்னால் போன கறுப்புக் கார் பச்சை விளக்கைத் தாண்டியது. அவன் அதன் பின்னால் போனான்.

“பிற்ற வெண்டன்.”

“நிப்பாட்டட்டே அம்மா?”

“விடு. சொல்லட்டும்,” என்று சுலோஜனா கண்ணாடிப் பக்கம் திரும்பி இருந்தாள்.