மூணு போதும்

"நெய்னா முகம்மது சார் வீடுதானேங்க? பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தாங்க."

கொல்லையில் தார்ப்பாய் மறைப்புக்குள் இறந்தவரின் மையத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளறையில் வெள்ளைத் துப்பட்டியோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி சுல்தான் பீவிக்கு ஒரு காதில் தண்ணீர் விழும் சத்தம். மறு காதில் வாசலிலிருந்து இந்தக் குரல்.

மகள் ஷஃபீனா எழுந்து போனாள்.

"யாருங்க நீங்க?"

"புகழேந்திங்க. புகை அலாரம் மாட்ட வந்திருக்கேன். சார்தான்..."

"வாப்பா மவுத்தாயிட்டாங்க. இன்னைக்குக் காலையில."

தோளில் கிடந்த பை தரையில் இறங்கும் ஓசை கேட்டது.

"நேத்து சாயந்திரம்கூட எங்கிட்டப் பேசினாங்களேங்க" என்றான் அவன்.

சுல்தான் பீவிக்கு ஆள் புரிந்துவிட்டது. மூன்று நாளைக்கு முன்னால் இரண்டு பேர் வந்தார்கள். கழுத்தில் டை கட்டிய ஒருவன்தான் பேசினான். இந்தப் புகழேந்தி பையைச் சுமந்துகொண்டு பின்னால் நின்றான்.

"அம்மா, ஒரு நிமிஷம் கண்ணை மூடுங்க" என்றுதான் டைக்காரன் ஆரம்பித்தான்.

"நான் எதுக்குக் கண்ணை மூடணும்? என் சங்கிலிய அறுத்துக்கிட்டு ஓடுறதுக்கா?"

நாற்காலியில் இருந்த நெய்னா முகம்மது வாய்விட்டுச் சிரித்துவிட்டார். டைக்காரன் சிரிக்கவில்லை. எரிந்துபோன வீடுகளின் படங்களை செல்போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினான். ரூமுக்கு ஒன்று என்று ஆறு பெட்டி வேண்டுமாம். இந்த விலை இன்று சாயந்திரம் ஆறு மணி வரைக்கும்தானாம்.

"ஆறு மணிக்கு மேல தீப் புடிக்காதா?" என்று கேட்டாள் சுல்தான் பீவி.

"விளையாட்டுப் பேச்சு இல்லம்மா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு? சார், நீங்களாவது சொல்லுங்க. ஒரே ஒரு கையெழுத்து."

"ஏன், அவரு கையி என்ன உன் பேனாவுக்குக் குத்தகையா? கெளம்புங்க, கெளம்புங்க."

அவர்கள் போன பிறகு டைக்காரன் கொடுத்த விசிட்டிங் கார்டு அவர் கையிலேயே இருந்தது.

"ஒண்ணு ரெண்டு வாங்கி வெச்சாத்தான் என்ன புள்ளே?"

"நாலு வார்த்தை இனிப்பாப் பேசினா வீட்டையே எழுதிக் குடுத்துடுவீங்க நீங்க. எனக்கு எதுக்குப் பெட்டி? என் மூக்குதான் அந்த நாற்காலியில உக்காந்திருக்கே."

கொரோனாக் காய்ச்சலோடு மோப்பம் போனது அவளுக்கு. எந்த வாசமும் அதன் பிறகு தெரிவதில்லை. மல்லிகையும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான். "சுல்தானு, பாலு அடிப்புடிக்குது", "சுல்தானு, கேஸ் வாடை வருது பாரு" என்று இந்த நாலைந்து வருடமாக அவர்தான் கூடத்திலிருந்து குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவள் அப்படிச் சொன்னதும் அவர் அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று காலை பஜ்ரு தொழுதுவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு, துணி துவைக்கக் கொல்லைக்குப் போனாள். பக்கத்து வீட்டு மெஹர் பானுதான் மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"லாத்தா! அடுப்புல என்னா? சன்னல் வழியா கரும்புகையா வருதே!"

ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். பாத்திரம் தீய்ந்து கிடந்தது.

"என்னாங்க! பாலு கருகி வீடே புகைஞ்சு கெடக்கு, ஒரு சத்தம் குடுத்தா கொறைஞ்சா போயிடுவீங்க? பெட்டி வாங்க வுடலேன்னு கோவமா?"

நாற்காலி வரைக்கும் திட்டிக்கொண்டே போனாள். தஸ்பீஹ் மணிமாலை அவர் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

கேட்டவர்களிடமெல்லாம், "பஜ்ரு தொழுதுட்டு உக்காந்தாங்க, போயிட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். பாலைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை.

இப்போது எழுந்து, உள்ளறைத் திரைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ஷஃபீனா, அவரை உள்ள கூப்பிடு. கூடத்துல நிக்கட்டும்."

"இப்ப எதுக்கும்மா?"

"கூப்பிடு புள்ளே."

திரைக்கு அந்தப் பக்கம் அவன் வந்து நிற்பது தெரிந்தது.

"தம்பி, ஆறு பெட்டியையும் அவங்க தலையில கட்டிட்டியா?"

"இல்லங்கம்மா. ஆறுக்கு சார் ஒத்துக்கவே இல்ல. நேத்து நீங்க வெளிய போயிருந்தப்ப என்னை மட்டும் வரச் சொன்னாங்க. மூணு போதும்னாங்க."

நேற்று அவள் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தாள். போய் வா, போய் வா என்று அனுப்பியவரே அவர்தான்.

"எந்த மூணு?"

"அடுப்படிக்குச் சூட்டுல கத்துறது ஒண்ணு. புகையில கத்துறதை அங்க வெச்சா தாளிக்கிறப்பல்லாம் கத்தும், அவ கோவத்துல பேட்டரியக் கழட்டி வீசிடுவான்னாங்க. கேஸுக்கு ஒண்ணு, சிலிண்டர் பக்கத்துல தரையிலேர்ந்து ஒரு அடிக்குள்ள. கேஸு கீழதான் தங்கும்னு எங்களுக்கு முன்ன அவங்களே சொல்லிட்டாங்க. படுக்கிற ரூமுக்குப் புகை அலாரம். பெட்டியைத் திருப்பி, எந்த வருசம் செஞ்சதுன்னு பார்த்தாங்க. பட்டனை அமுக்கச் சொல்லிட்டு, கொல்லைக் கடைசியில துணி தோய்க்கிற கல்லுகிட்டப் போய் நின்னு, கேக்குதான்னு பார்த்தாங்க."

சார்ஜாவில் இருபத்திரண்டு வருடம் சரக்குக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். தள்ளுபடிக்கும் பேச்சுக்கும் மயங்குகிறவர் என்று அவரை ஊரெல்லாம் கேலி பேசியவள் அவள்தான்.

"எதுக்கு இந்த அவசரம்னு கேக்கலையா நீ?"

"கேட்டேங்க. குவைத்துல மகன்கிட்டப் போறேன், திரும்பி வர நாளாகும், அதுவரைக்கும் அவ தனியா இருப்பா, அவளுக்கு வாசம் தெரியாதுன்னாங்க."

ஷஃபீனா தாயைத் திரும்பிப் பார்த்தாள். அவருடைய பாஸ்போர்ட் காலாவதியாகி மூன்று வருடம்.

"அப்படியா சொன்னாங்க" என்றாள் சுல்தான் பீவி.

அப்போது அவன் செல்போன் அடித்தது. ஒதுங்கிப் போய்த்தான் பேசினான். எதிர்முனைக் குரல் அந்த நிசப்தத்தில் திரையைத் தாண்டி வந்தது. டைக்காரன்தான்.

"சாவு வீடா? அப்ப இன்னும் நல்லதாப் போச்சுய்யா. பயந்து போயிருப்பாங்க. ஆறையும் தள்ளிடு. சாரோட கடைசி ஆசைன்னு சொல்லு, அந்தம்மா மறுக்காது."

"சார், மெதுவா..."

"இந்த மாசம் உன் டார்கெட்டைப் பாரு, அப்புறம் மெதுவாப் பேசு."

திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டது.

"அந்த போனை இப்படிக் குடு தம்பி."

அவன் தயங்கிக் கொடுத்தான்.

"ஹலோ. ஆமா, அந்தம்மாதான் பேசுறேன். அவங்க ஆசை என்னன்னு நீங்க எனக்குச் சொல்ல வேணாம், நாப்பத்தொரு வருசமா கேட்டுக்கிட்டு இருந்தவ நான். மூணு சொன்னாங்க. மூணுதான். இந்தத் தம்பிய இன்னொரு வார்த்தை சொன்னீங்கன்னா அந்த மூணும் வேணாம். வெச்சுடுங்க."

போன் திரும்பி வெளியே போனது. கொல்லையில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது.

கஃபன் துணி சுற்றிக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். கற்பூரமும் சந்தனமும் மணக்கிறது என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். சுல்தான் பீவி அவர் முகத்துக்கு மிக அருகில் குனிந்தாள். மூக்கில் வைத்திருந்த பஞ்சின் வெள்ளைதான் தெரிந்தது.

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியபோது, யாரோ கொடுத்த கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு புகழேந்தியும் தெருமுனை வரை தோள் கொடுத்ததாக மெஹர் பானு வந்து சொன்னாள்.

அடக்கம் முடிந்து கபுர்ஸ்தானிலிருந்து ஆண்கள் திரும்பியதும், இனி அவள் எங்கே இருப்பது என்ற பேச்சு வந்தது. மகன் அப்ரார் குவைத்திலிருந்து போனில் ஷஃபீனாவிடம் அழுதுகொண்டே சொன்னான்.

"லாத்தா, உம்மாவ நாகூருக்கு உன் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடு. அந்த வீட்டைப் பூட்டிடு."

"அதான்டா நானும் சொல்றேன். உம்மா, எத்தனை நாளைக்கு நான் இங்க இருக்க முடியும்? பள்ளிக்கூடம் போற புள்ளைங்கள வெச்சுக்கிட்டு. நான் போன மறுநாளே அடுப்புல எதையாவது வெச்சுட்டு மறந்துட்டீங்கன்னா? உங்களுக்கு வாடை கூடத் தெரியாதும்மா."

"நாலு மாசம் பத்து நாளு துக்கம், இத்தா முடியிற வரைக்கும் இந்த வாசப்படிய தாண்ட மாட்டேன்."

"அடம் புடிக்காதீங்கம்மா. ஆபத்துன்னா எடம் மாறலாம், தப்பில்லைன்னுதான் பள்ளிவாசல் ஆலிம்சாவும் சொல்றாங்க. தனியா இருக்கறது ஆபத்து இல்லையா?"

"இல்ல" என்றாள் சுல்தான் பீவி. "அதுக்குத்தான் உன் வாப்பா ஏற்பாடு பண்ணிட்டுப் போயிருக்காங்க. அந்தத் தம்பி இருக்காரா, போயிட்டாரா?"

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் இன்னும் உட்கார்ந்திருந்தான்.

மையத்து வீட்டில் அன்றைக்கே ஆணி அடிப்பதா என்று ஓரிருவர் முணுமுணுத்தார்கள். ஷஃபீனாவின் கணவர்தான், "மாமி சொல்றபடியே ஆகட்டும்" என்று ஏணியைப் பிடித்தார். அடுப்படி வேலையும் சிலிண்டர் பக்கமும் முடிந்தன. கடைசியாகப் படுக்கையறைக்கு வந்தார்கள். சுல்தான் பீவி கதவுத் திரைக்கு வெளியே நின்றாள்.

ஏணியில் ஏறிய புகழேந்தி செல்போன் வெளிச்சத்தை மேலே அடித்தான்.

"இந்தா இருக்குங்க, சார் போட்ட குறி."

"என்ன குறி?" என்றாள், திரையைச் சற்று விலக்கி.

வெள்ளைச் சுண்ணாம்பில் பென்சிலால் போட்ட சிறிய வட்டம், உள்ளே ஒரு பெருக்கல் குறி. கிடங்கில் எண்ணிச் சரிபார்த்த அட்டைப்பெட்டியில் இப்படித்தான் போடுவாராம் என்றான் புகழேந்தி. அவள் படுக்கும் இடத்துக்கு நேர் மேலே. நேற்று இரவு அதன் அடியில்தான் படுத்திருந்தாள்.

"ஏணியில அவங்களா ஏறுனாங்க?"

"நான் ஏறுறேன்னு எவ்வளவோ சொன்னேங்க. கேக்கல." அவன் குரல் இறங்கியது. "எறங்கின பிறகு கொஞ்சம் மூச்சு வாங்குச்சு. தண்ணி கேட்டாங்க. குடுத்தேன்."

அவன் பெட்டியைக் கையில் எடுத்தான்.

"குறி மேலயே வெச்சுடவாங்கம்மா?"

"கொஞ்சம் தள்ளி வெச்சா வேலை செய்யாதா தம்பி?"

"செய்யும்ங்க. ஒரு சாண் தள்ளினா ஒண்ணும் ஆகாது. ஆனா குறி வெளிய தெரியும். அழிச்சுக் குடுத்துடறேன்."

"அழிக்க வேணாம்."

துளை போடும் மெஷின் சுழன்றது. சுண்ணாம்புத் தூள் பொலபொலவென்று கட்டிலில் அவர் படுக்கும் பக்கமாக உதிர்ந்தது.