கடவுள் காத்த வீடு

மழை விட்ட மூன்றாம் வாரம், தையல்காரர் தன் வீட்டு வாசல் சுவரில் எழுத ஒரு பெயிண்டரைக் கூட்டிவந்தார். 'கடவுள் காத்த வீடு' என்று நீலத்தில், தெருமுனையிலிருந்தே தெரியும்படி எழுத வேண்டும் என்றார்.

குன்று சரிந்த அன்று, மண் அவர் வீட்டுச் சுவரை ஒட்டி வந்து நின்றுவிட்டது. மேட்டுப் பக்கம் இருந்த அடுத்த வீட்டில் நிற்கவில்லை. அந்த வீட்டு பஸ் டிரைவர் அப்போது வேலையில் இருந்தார். அவர் மனைவியும் மகளும் வீட்டுக்குள் இருந்தார்கள். இப்போது அவர் மட்டும், இடியாமல் மிஞ்சிய பின்னறையில் இருக்கிறார்.

பெயிண்டர் முதல் சொல்லை முடித்தபோது, தையல்காரரின் மனைவி ஈரக்கையோடு வெளியே வந்தாள். இது எதற்கு என்று கேட்டாள். உயிர் பிழைத்ததற்கு நன்றி சொல்வது தப்பா என்றார் அவர். வீட்டுக்குள்ளே சொன்னால் கடவுளுக்குக் காது கேட்காதா என்றாள் அவள். யார் பேச்சைக் கேட்பது என்று புரியாமல், பெயிண்டர் பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தபடி ஏணியிலேயே நின்றான்.

தையல்காரர் விடவில்லை. நல்லது நடந்தால் கடவுள் செயல், கெட்டது நடந்தால் அது நம் புத்திக்கு எட்டாதது என்று, அப்பா சொல்லக் கேட்டதை அப்படியே ஒப்பித்தார்.

"மண்ணைத் தடுத்தது அவங்க வீடுங்க," என்றாள் மனைவி. "நம்ம சுவர்கிட்ட நிறுத்தத் தெரிஞ்சவருக்கு, பத்தடி முன்னாடி நிறுத்தத் தெரியாதா?"

தையல்காரர் பக்கத்து வீட்டு மண்மேட்டைப் பார்த்தார். டிரைவரின் மகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைத்தது அவர்தான். வளர்கிற பிள்ளை, கொஞ்சம் தாராளமாகத் தையுங்கள் அண்ணே என்று அவள் அம்மா சொன்னதால், உள்ளே இரண்டு அங்குலம் துணி மடித்து விட்டிருந்தார்.

பேச்சு கேட்டு டிரைவர் வெளியே வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் தையல்காரர் ஏணியை விட்டு விலகி நின்றார். டிரைவர் சுவரையே பார்த்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க தம்பி, எழுதுங்க," என்றார் பெயிண்டரிடம்.

"வேண்டாம் அண்ணே," என்றாள் தையல்காரரின் மனைவி.

"இல்லம்மா. கடவுள் இருந்தாத்தான் எனக்கும் நல்லது. இல்லேன்னா நான் யாரைப் போய்க் கேக்கிறது? தினமும் கேக்கிறேன். பதிலே இல்ல. இருந்தாலும் கேக்க ஒருத்தர் வேணுமில்ல."

சொல்லிவிட்டு, தன் வீட்டு மண்மேட்டில் உட்கார்ந்துகொண்டார். எழுதியதை வெள்ளையடித்து மறைத்துவிடச் சொன்னார் தையல்காரர். பெயிண்டர் வெள்ளை டப்பாவைத் திறந்தான்.

அன்றைக்குப் பிரார்த்தனையில் உட்கார்ந்தபோது, அவருக்கு நன்றி என்ற சொல்லே வாயில் வரவில்லை. எழுந்துவிடவும் மனம் வரவில்லை. விளக்கை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். இருவருமாக மண்ணை அள்ளினார்கள். ஒரு பாத்திரம் கிடைத்தது. பிறகு மகளின் ஒற்றைச் செருப்பு. டிரைவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, மேலே பார்த்து, சத்தமாகவே கேட்டார்: "இது உனக்கே நியாயமா இருக்கா?"

அது தன்னிடம் கேட்ட கேள்வி இல்லை என்பது தையல்காரருக்குப் புரிந்தது. அப்பா சொன்ன எதையும் அவர் சொல்லவில்லை. செருப்பின் ஜோடி அங்கேதான் இருக்கும் என்று, அதே இடத்தில் மெதுவாக, கையாலேயே தோண்டத் தொடங்கினார்.