எண்ணெய் பூசிய படை

கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறையில் எனக்கு வேலை. ஈரக்காற்றில் வார்னிஷ் அடித்தால் வெளுத்துப்போகும். மழை நாளில் எவனாவது வார்னிஷைத் தொட்டால் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவேன். அந்தக் கூறுகெட்ட வேலையைத்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில், தூறல் விழுந்துகொண்டிருக்கும்போது, என் வீட்டு வாசலிலேயே செய்து தொலைத்தேன்.

அடித்தது காருக்கல்ல. கட்டைவிரல் உயர ஈயப் பொம்மைகளுக்கு. எல்லாம் சீக்கிய வீரர்கள்: நீல அங்கி, உயர்ந்த தலைப்பாகை, அதைச் சுற்றி எஃகு வளையங்கள். நாலு மயிர் மிஞ்சிய தூரிகையால், மூச்சைப் பிடித்துக்கொண்டு தீட்டிய வளையங்கள். பழைய காலத்துப் போர்களை மேசைமேல் பகடை உருட்டி ஆடுகிற ஆட்டம் இது. எதிரி என் மனைவியின் அண்ணன். அவருடையது சிவப்புக் கோட்டு வெள்ளைக்காரப் பட்டாளம். அவரை நான் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

வீட்டில் இருப்பது ஒரே மேசை. அதைப் படை பிடித்துக்கொண்டதால் நாங்கள் தரையில் சாப்பிடுகிறோம். மனைவி கெடு வைத்துவிட்டாள்.

"இன்னிக்கு எங்க அண்ணனை ஜெயிச்சீங்கன்னா மேசை உங்களுக்கு. தோத்தா பொம்மையெல்லாம் பரண் மேல. நான் மனுஷியா நாற்காலில உட்கார்ந்து சாப்பிடணும்."

வார்னிஷ் காய்ந்தது. படை மொத்தமும் மாவு மூட்டையில் புரண்டு எழுந்ததுபோல் நின்றது. கருந்தாடியெல்லாம் நரை.

"என்னங்க இது, பட்டாளமா, பென்ஷன் ஆபீஸ் வரிசையா?"

"ஈரத்துல அடிச்சிட்டேன்டி."

"பட்டறைல ஊரையே திட்டுவீங்களே, இப்ப யாரைத் திட்டப்போறீங்க?"

சொல்லிக்கொண்டே ஒருவனை எடுத்து, சமையல் எண்ணெயை விரலில் தொட்டு அவன் முகத்தில் தேய்த்தாள். தாடி கறுத்தது. அங்கி நீலமானது. எனக்கு உயிர் வந்தது.

"நான் தோத்தா உனக்குத்தானே லாபம்?"

"தோக்கறதை மரியாதையா தோத்துட்டுப் போங்க. இதைப் பார்த்தா அண்ணன் என்னையும் சேர்த்துல்ல சிரிப்பான்."

இருவரும் உட்கார்ந்து படை முழுவதற்கும் எண்ணெய் தேய்த்தோம்.

மச்சான் வந்ததும் குனிந்து பார்த்தார்.

"என்ன மாப்ள, சண்டைக்கு வந்தாங்களா, போட்டோ புடிக்க வந்தாங்களா? இப்படி மின்னுறாங்க!"

அவருக்கு ஒரு கெட்ட பழக்கம். செத்த என் ஆளை நான் எடுக்கக்கூடாது. அவரே தலையைப் பிடித்துத் தூக்கி, "போய்ச் சேருப்பா" என்று பெட்டியில் போடுவார். அன்று மதியத்துக்குள் என் படையில் பாதியைப் போட்டுவிட்டார். ஒரு நல்ல பகடை விழுந்தால் மீதியும் காலி.

உருட்டினார். பகடை விரலிலிருந்து வழுக்கி, மேசையில் சறுக்கி, பீரோவுக்கு அடியில் போய் விழுந்தது. தரையில் விழுந்தது செல்லாது, முறையும் போச்சு. அவரே போட்ட சட்டம்.

"கை நழுவிடுச்சு மாப்ள, இன்னொரு வாட்டி!"

"போன மாசம் எனக்கு விட்டீங்களா மச்சான்?"

அடுத்த முறையும் தரைதான். அதற்குள் என் குதிரைக்காரர்கள் அவருடைய பீரங்கிகளைப் பிடித்துவிட்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக மச்சானை ஜெயித்தேன்.

மூன்று பேரும் தரையில் சாப்பிட உட்கார்ந்தோம். மேலே மேசையில் என் ஆட்கள் பளபளவென்று நின்றார்கள். மச்சான் தட்டில் கை வைத்தவர் விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். கடைசியாகத் தங்கையைப் பார்த்தார்.

"சமையல் எண்ணெயா?"

மனைவிக்கு அப்போதுதான் உறைத்தது. கரண்டியைப் பாத்திரத்தில் எறிந்தாள்.

"மேசையும் போச்சு, எண்ணெயும் போச்சு. போய்க் கையைக் கழுவுண்ணா!"