எண்ணெய்த் துளைகளின் மேல் கிளிப்பச்சை

1

இது ஒட்டுக்கேட்ட கதை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராவியில் தையல் மெஷின் பழுது பார்க்கும் நாகூர் மீரானின் கடைக்கு, என் வீட்டு மெஷினுக்குப் பெல்ட் வாங்கப் போயிருந்தேன். வாசல் பெஞ்சில் உட்காரச் சொன்னார். உள்ளே அவரோடு ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கதைகள் காது வழியாகத்தான் வரும். முகங்களை அப்புறம் நானே செய்துகொள்வேன்.

2

முதல் தொடக்கம்: 'அந்த இரும்பு மெஷின் செல்வமேரிக்காகவே பத்தொன்பது வருடம் காத்தி—'

இல்லை. மெஷின் எங்கே காத்திருக்கும்?

இரண்டாவது: 'செல்வமேரி வேலையை விட்ட அன்று நல்ல மழை.' (மழையே இல்லை. மும்பையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அது தானாக வந்துவிடுகிறது.)

நேராகவே சொல்கிறேன். செல்வமேரி தோல் பை தைக்கும் கார்கானாவில் பத்தொன்பது வருடம் ஒரே மெஷினில் தைத்தவள். முதலாளி புது மெஷின்களை இறக்கியபோது அந்தப் பழையதைத் தனக்கென்று வாங்கிக்கொண்டு, வேலையையும் விட்டுவிட்டாள். சொந்தமாகத் தைப்பதற்கு முதல் ஆர்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஐரோலியில் ஒரு கம்பெனிக்கு நாளைக் காலை மாதிரிப் பை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும்.

அவள் புருஷன் வேதமுத்து, செம்பூர் கேரேஜில் டெம்போக்களுக்குப் பெயர் எழுதுகிறவன். அவளுக்குத் தெரியாமல் மெஷினுக்குக் கிளிப்பச்சை அடித்தான், இரண்டு கோட். மேலே மஞ்சளில் 'செல்வமேரி' என்று நிழல் வைத்து எழுதினான். மெஷினின் எண்ணெய்த் துளைகளெல்லாம் பெயிண்டுக்கு அடியில் போய்விட்டன.

3

"எண்ணெ விட்டியாம்மா?" என்றார் மீரான்.

"விட்டேன் பாய். பழகுன கையி, பாக்காமலே விடுவேன்."

"உள்ள ஒரு சொட்டு எறங்கல. எல்லாம் பெயிண்ட் மேல ஓடியிருக்கு."

"ஓடிச்சு. நாந்தான் துணிய வச்சுத் தொடச்சேன். புதுப் பெயிண்டு கெட்டுரக் கூடாதுல்லா."

"அப்படியே மோட்டாரையும் போட்டியாக்கும்?"

"அரை மணிநேரம் ஓடிச்சு. பொறவு இறுகி நின்னுட்டு."

"டெம்போக்கு அடிச்சா இப்படியெல்லாம் ஆவாது பாய்," என்றான் வேதமுத்து.

"டெம்போன்னா டீசல் ஊத்துத ஓட்டைய விட்டுட்டு அடிப்பிய. பொண்டாட்டி மெஷின்னதும் மொத்தமா மூடிட்டிய."

(வேதமுத்து மேல் எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு நல்ல புருஷனை எழுதினால் யார் நம்புவார்கள்? கொஞ்சம் குடிப்பழக்கம் கொடுக்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவன் டீ வாங்கி வந்து, யாரென்றே தெரியாத எனக்கும் ஒரு கிளாஸ் நீட்டினான். விட்டுவிட்டேன்.)

4

"ரெண்டு வழி இருக்கு," என்றார் மீரான். "மண்ணெண்ணெய ஊத்தி நாலு நாள் ஊறப் போடலாம். தன்னால எளகும். இல்லன்னா கேஸ் டார்ச்ச வச்சு சூடு காட்டணும். எளகுனா இன்னைக்கே எளகும். ஆனா இறுகுனது சரியா பேரு எழுதுன எடத்துக்குக் கீழ. பெயிண்டு பொசுங்கிரும்."

பேச்சு நின்றுவிட்டால் எனக்கு எழுத ஒன்றுமில்லை.

. . .

"கொளுத்துங்க பாய்," என்றான் வேதமுத்து. "நாளைக்குப் பைதான முக்கியம்."

"சும்மா இருங்க. எழுத எத்தன நாளாச்சு?"

"நாலு சாயந்தரம். 'மே' எழுத்துக்கு நெழலு சரியா வரல. அழிச்சுட்டு எழுதினேன்."

"தமிழே வாசிக்கத் தெரியாத நம்ம மக ஜெஸி, இத மட்டும் எழுத்துக் கூட்டிப் படிச்சா. பாத்தியளா?"

"பாத்தேன்."

"இன்னொருக்க எழுதுவியளா?"

"எழுதுவேன். ஓட்டைய விட்டுட்டு எழுதுவேன்."

மீரான் சிரித்துவிட்டார். செல்வமேரி சிரித்தாளா என்று பெஞ்சிலிருந்து தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"அப்பக் கொளுத்துங்க பாய். பேருதான போவுது. ஆளு இங்கனதான நிக்கேன்."

5

முடிவு ஒன்று: சக்கரம் சுழல்கிறது, செல்வமேரி கண்ணீர் விடு— அடித்துவிட்டேன். அந்தக் குரல் அழுகிற குரல் இல்லை.

முடிவு இரண்டு: சக்கரம் அசையவில்லை, ஆர்டர் போய்விடுகிறது. எழுதலாம். என் வயதுக்கு அதை எழுத மனசு வரவில்லை.

நடந்ததைச் சொல்லலாமே என்பீர்கள். பெயிண்ட் பொசுங்கிய புகையில் இருமல் வந்து நான் எழுந்து தெருவுக்கு வந்துவிட்டேன். திரும்பிப் போய்க் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆகவே நீங்கள் உள்ளே போங்கள். மீரான் டார்ச்சை அணைத்துவிட்டார். துளைகளில் எண்ணெய் இறங்கியிருக்கிறது. வேதமுத்து ஒதுங்கி வழிவிடுகிறான். வலப்பக்கம் கைச்சக்கரம் இருக்கிறது. சுடும், துணியைச் சுற்றிப் பிடியுங்கள். உங்கள் பக்கமாகச் சுற்ற வேண்டும்.