தாமரையை யார் அழைத்துப் போவது

எனக்குப் பொறுமை கிடையாது என்று என் கணவர் சொல்வார். வளைகுடாவின் ஆறு தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒருங்கிணைப்பாளராக ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டு அவர் பேசட்டும்.

ஆறு நாட்டுச் சங்கங்களும் சேர்ந்து ஒரு குழந்தை நல ஒப்பந்தம் போட்டிருந்தோம். துணையில்லாமல் நிற்கும் பிள்ளையைப் பத்திரமாக ஊருக்கு அனுப்பும் காகித வேலையும் டிக்கெட்டும் சங்கத்தின் பொறுப்பு. ஒப்பந்தத்தில் சேருவது சுலபம்: செயற்குழுத் தீர்மானம், தலைவர் கையெழுத்து, மேடையில் ஒரு பொன்னாடை. திருத்துவதுதான் பெரும்பாடு. ஆறு தலைவர்களும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால்தான் திருத்தம் செல்லும்.

மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. 'ரத்த உறவினர் மட்டுமே குழந்தையை அழைத்துச் செல்லலாம்' என்பதை, 'பெற்றவர் எழுத்தில் ஒப்புதல் தரும் எவரும்' என்று மாற்ற வேண்டும். குவைத்தில், ஃபர்வானியாவில் இருந்த நர்ஸ் ராதிகா திடீரென்று இறந்துபோனாள். அவளுடைய ஐந்து வயது மகள் தாமரை பக்கத்து ஃபிளாட் இஃப்பத்திடம் இருந்தாள். இஃப்பத் குடும்பமோ அந்த வெள்ளிக்கிழமை குவைத்தை விட்டே போகிறது. அப்பா சுரேஷ்குமாருக்கு இங்கே துபாயில், ஜெபல் அலியில் குடோன் வேலை. லீவும் கிடைக்கவில்லை, குவைத் விசாவும் வரவில்லை. ராதிகாவோடு வேலை பார்த்த பானுப்பிரியா வியாழக்கிழமை திருச்சிக்குப் போகிறாள். அங்கே தாமரையின் அத்தை காத்திருந்தாள்.

ஐந்து தலைவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். குவைத் தலைவர் சேதுராமன் மட்டும் போடவில்லை. போன் செய்தேன்.

"நளினிம்மா, என் பேரை ஆறாவதா அடிச்சிருக்கீங்க. பேருக்கு முன்னாடி முனைவர்னும் இல்ல. எங்க சங்கத்துக்கே அவமரியாதை இல்லையா?"

"சங்கங்கள் சேர்ந்த வரிசையில அடிச்சது, சார்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது."

 பர் துபாய் டைப்பிங் சென்டரில் போய் உட்கார்ந்து, 'முனைவர் சேதுராமன்' என்று முதல் பெயராக அடிக்கச் சொல்லி அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் போட்டார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தாள் மாறிவிட்டதால் மற்ற ஐவரும் மறுபடி போட வேண்டுமே! ஒருவர், "நேத்து வரைக்கும் முதல்ல இருந்தது நான்தானே?" என்று கோபித்துக்கொண்டார். இன்னொருவர் செயற்குழுவைக் கேட்க வேண்டுமாம், அதுவும் பொங்கல் விழா முடிந்த பிறகு. ஒரு குழந்தை பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, இந்தப் பெரிய மனிதர்களுக்கு வரிசை முக்கியம்!

புதன்கிழமை சுரேஷ்குமார் கூப்பிட்டான்.

"அக்கா, யாரோட ஊருக்குப் போறதுன்னு பாப்பா கேக்குது. நான் என்னன்னு சொல்றது?"

"பானு ஆன்ட்டியோடன்னு சொல்லு, தம்பி."

போனை வைத்ததும் சங்கத்தின் லெட்டர்பேடை எடுத்தேன். 'திருத்தம் அமலுக்கு வந்துவிட்டது' என்று எழுதி, சுரேஷ்குமாரின் ஒப்புதல் கடிதத்தையும் இணைத்து, என் கையெழுத்தைப் போட்டுக் குவைத்தில் காகித வேலையைப் பார்க்கும் சங்கத்து வக்கீலுக்கு அனுப்பினேன். பச்சைப் பொய்தான். அதற்காக நான் வெட்கப்படவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, திருச்சி விமான நிலையத்தில் தாமரை அத்தையின் இடுப்பில் உட்கார்ந்திருக்கும் படம் வந்தது. அதைப் பார்த்து அழுதேன். மாலையில் சங்கத்திலிருந்து ஒரு தாள் வந்தது, என்னைப் பொறுப்பிலிருந்து நீக்கும் தீர்மானம். ஆறு தலைவர்களும் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.