பூ விழுந்த தட்டு

இடது கையுறை இழுத்ததும் வந்துவிட்டது. வலதுதான் வரவில்லை. நாத்தனார் தன் அண்ணனின் கையை மடியில் வைத்துக்கொண்டு, தூங்கிவிட்ட பிள்ளைக்குச் செருப்பைக் கழற்றுகிறவள் போல, விரல் விரலாக நெகிழ்த்திப் பார்த்தாள்.

"இப்பவும் பிடிவாதத்தைப் பாருங்க அண்ணி. அந்த உலை மூடியைத் தனியாத் தூக்காதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டானா?"

அவர் மனைவி கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள்.

டாக்டர் வந்து, இதயம் நின்றுவிட்டது என்று மட்டும்தான் சொல்லிவிட்டுப் போனார். மிச்சத்தை வந்தவர்கள் சொன்னார்கள். கொதிக்கிற கண்ணாடி உலை, கனத்த மூடி, இந்த வயதில் ஒண்டியாகத் தூக்கினால் நெஞ்சு தாங்குமா? வாய்க்கு வாய் மாறி, பொழுது சாய்வதற்குள் யாரோ கூடவே நின்று பார்த்தது போல் ஆகிவிட்டது. அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் உலை இன்னும் திறக்காமலே கிடந்தது.

ஊரார் தூக்கி எறிந்த பாட்டில்களையும் உடைந்த ஜன்னல் கண்ணாடிகளையும் உருக்கித் தட்டு செய்வதுதான் அவர்கள் பிழைப்பு. பழைய பாட்டில் வாங்க வருகிறவனிடமே பாட்டில் கேட்கிற ஆள் எங்கள் அண்ணன் என்று நாத்தனார் கேலி செய்வாள். பழைய கண்ணாடிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கொஞ்சம் அசந்தால், உருகி ஆறும்போது மேலே வெண்மையாக ஒரு படலம் கட்டிக்கொள்ளும். கண்ணில் விழுவது போலவே இருப்பதால் அவர்களும் அதைப் பூ விழுவது என்றுதான் சொல்வார்கள். அது விழாமல் இருக்க, வினிகர் விட்டுக் கழுவி, விரல் ரேகை படாமல் ஓரத்தைப் பிடித்துத் துடைப்பது அவள் வேலை. வெண்காரத் தண்ணீர் தெளிப்பது அவர் வேலை. கடைசி வேலைக்கு இரண்டு பேரும் வேண்டும். சூடு உச்சிக்குப் போய் மின்சாரம் நின்றதும், மூடியைத் தூக்கி, ஒரு செங்கலை முட்டுக் கொடுத்து, வெப்பத்தை மளமளவென்று இறக்கி, உடனே மூடிவிட வேண்டும். மெதுவாக இறங்க விட்டால் பூ விழுந்துவிடும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தூக்குகிற அவருக்குச் சுவர்ப் பெட்டியில் சூட்டைக் காட்டும் நம்பர் தெரியாது. அவள்தான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, உலை மறைப்புக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி உரக்கச் சொல்வாள்.

போன தடவை தட்டில் பூ விழுந்தது. வாங்க வந்தவர் முன்னாலேயே அவர், "கழுவினதுல சோப்பு நின்னிருக்கும்" என்றார். அப்படியே போட்டு உடைத்தார். வந்தவர் போகும்வரை பொறுத்திருந்து அவள் சொன்னாள்: "இனிமே உங்க பாட்டை நீங்களே பாத்துக்கங்க."

ஆனாலும் இந்தத் தட்டுக்கான கண்ணாடியை, வீம்புக்கென்றே, இரண்டு தடவை கழுவினாள்.

அன்று மதியம் கொட்டகையிலிருந்து குரல் வந்தது. "இந்தா, ஒரு நிமிஷம் வந்து நம்பரைப் பாரு."

அவள் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். பாத்திரத்தில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு நடுவிலும் இன்னொரு தடவை கூப்பிட்டது கேட்டது. இன்னும் ஒரு தரம் கூப்பிடட்டும், போகலாம் என்று நினைத்தாள். கூப்பிடவில்லை. சரி, தானே தூக்கிவிட்டார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். டீ எடுத்துக்கொண்டு போனபோது, அவர் முக்காலியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். கையில் உறை. மடியில் செங்கல். உலை மூடியிருந்தது.

தூக்கி, இறக்கி, மூடிவிட்டு உட்கார்ந்தாரா? இல்லை, அவள் வந்ததும் தூக்கலாம் என்று உட்கார்ந்திருந்தாரா? செங்கல் இரண்டுக்கும் பொருந்தியது. உள்ளே இருக்கிற தட்டுக்குத்தான் தெரியும். பூ விழாமல் தெளிவாக இருந்தால் ஊர் பேசுவதே சரி. பிடிவாதக்காரர், தனியாகத் தூக்கினார், போனார். அந்த அளவாவது அவளுக்கு மிஞ்சும்.

மறுநாள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு நாத்தனார் மட்டும் இருந்தாள். அண்ணன் கடைசியாகச் செய்ததை எடுத்துப் போகிறேன் என்றாள். இன்னும் சூடு இருக்கும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். நாத்தனார் மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சில்லுன்னு இருக்கு அண்ணி" என்றாள். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள்.

பச்சைப் பாட்டில் கண்ணாடி. பச்சையே தெரியவில்லை. ஓரத்திலிருந்து ஓரம் வரை, பாலாடை படிந்தது போல் வெளுத்துக் கிடந்தது.

நாத்தனார் துண்டால் துடைத்தாள். எச்சில் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை. தயங்கிக் கேட்டாள்.

"கழுவினதுல சோப்பு ஏதாவது நின்னுடுச்சோ?"

அவள் தட்டின் மேல் விரலை வைத்தாள். கழுவிய கண்ணாடியின் நடுவில் அவள் விரல் பட்டது அதுதான் முதல் தடவை.

"ஆமா," என்றாள். "நான்தான் சரியாக் கழுவலை."

"போகட்டும் விடுங்க. இதுக்குப் போயி முகத்தை இப்படி வச்சுக்கிட்டு." தட்டைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நாத்தனார் உள்ளே போனாள்.

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் உலையின் மறைப்புத்தான் தெரிந்தது, நம்பர் தெரியவில்லை. எழுந்து போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில், தான் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றாள்.

"முப்பத்தொண்ணு," என்றாள், அந்தப் பக்கம் கேட்கும்படி கொஞ்சம் உரக்க.