சாய்ந்த ஏரியும் நீண்ட தண்டும்

நியாயம் என்ற சொல்லுக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று நம்புகிறவர்களே, வந்து பாருங்கள்: இந்த ஊர் ஏரி சாய்ந்து நிற்கிறது. மாளிகைகள் உள்ள கரையில் தண்ணீர் கடைசிப் படியைத் தொட்டு உயர்ந்திருக்கிறது. தொழிலாளர் தெருவின் பக்கம் சரிந்து, சேற்றை மட்டும் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டது. இடையில் ஒரு சொட்டுகூட வழிவதில்லை. எல்லோரும் படகு இறக்கிவந்த பொதுச் சரிவை மாளிகைக்காரர்கள் சுவர் வைத்து வளைத்துக்கொண்ட ஆண்டில் இது தொடங்கியது. ஏரிக்கும் ஆள் பார்த்துப் பழகத் தெரிந்திருக்கிறது. புகார் போனது, அதிகாரி வந்தார், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். "மட்டமாத்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தத் தெருவில் பேருந்துகளுக்குக் கூடு கட்டும் பட்டறையின் வெல்டரம்மாவுக்கு இது ஊர் வழக்கு அல்ல, வீட்டு வழக்கு. அவர் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. ஒருநாள் விட்டு ஒருநாள் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் மருத்துவமனை எதிர்க்கரையில் இருந்தது. சாலை வழியே சுற்றிப் போனால், போய்ச் சேர்வதற்குள் மனிதர் துவண்டுவிடுவார். ஆகவே வெல்டரம்மா மூடிக்கிடந்த ஒரு விடுதியிலிருந்து சின்ன மோட்டார் படகொன்றை வாங்கினார். அந்த விடுதியின் பின்கட்டில் கொடி படர்ந்து கிடந்த, படகேற்றும் டிரெய்லரையும் இழுத்துவந்தார். அது வேறொரு பெரிய படகுக்காகச் செய்யப்பட்டது. சட்டத்தைச் சுத்தியலால் தட்டினால் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. அழுகிய குழாய்களை அறுத்தெறிந்து புதியவை பற்றவைத்தார். இறுகிப்போன பேரிங்குகளைக் கழற்றி, வேறு போட்டு, கிரீஸ் அடைத்தார். உடைந்த உருளைகளுக்குப் பதிலாக நீளப் பலகைகள் பொருத்தி, படகின் வயிறு உராயாதபடி பழைய கம்பளம் சுற்றினார்.

படகை ஏற்றியதும் டிரெய்லரின் மூக்கு வானத்தைப் பார்த்து எழும்பியது. பின்னால் இயந்திரத்தின் கனம். சக்கர அச்சோ முன்னால் தள்ளி இருந்தது.

"அண்ணி, உங்க வண்டி சலாம் போடுது! பதிலுக்கு நீங்களும் ஒண்ணு போடுங்க" என்றாள் நாத்தனார்.

"சிரிச்சது போதும்டி. வந்து அந்த மூக்கு மேல உட்காரு. உன் கனத்துக்கு இறங்கிடும்."

அச்சைப் பின்னுக்கு நகர்த்தியதும் சலாம் நின்றது. ஆனால் தண்ணீரை எட்டுமுன்பே இழுத்துவந்த ஜீப் சேற்றில் புதைந்தது. ஜீப் கெட்டித் தரையில் நிற்க, டிரெய்லர் மட்டும் நீருக்குள் இறங்க, இரண்டையும் இணைக்கும் இழுவைத்தண்டை நீட்டுவதே வழி. வெல்டரம்மா ஒரு குழாயை ஒட்டினார். படகு மிதந்தது, கணவர் அக்கரை போய்த் திரும்பினார். மறுமுறை போனபோது, குழாய் எவ்வளவு நீண்டதோ அவ்வளவு தூரம் ஏரி பின்வாங்கியிருந்தது. இன்னொரு குழாய் ஒட்டினார். ஏரி இன்னும் கொஞ்சம் ஒதுங்கியது.

ஆண்டுகள் இப்படியே போயின. ஜீப் விலைபோனது. தண்டு சேற்றைக் கடந்து, கரையேறி, தெருவுக்குள் நுழைந்து, பட்டறை வாசலை எட்டியது. இந்த முனையில் அதன் கொக்கி, மறுமுனையில் சக்கரங்கள் நீரில். தெருவே கூடிக் கைவைத்துத் தள்ளினால் படகு இறங்கும். தெருவே இழுத்தால் ஏறும். மற்ற நேரங்களில் தையற்காரர் அதன்மேல் துணி உலர்த்தினார். மருத்துவமனை நாளன்று, "காலைத் தூக்குங்கப்பா, வெல்டரம்மா வண்டி கிளம்புது!" என்று அவரே குரல் கொடுப்பார். நடுத்தெருவில் இப்படி ஒரு தண்டு ஏன் கிடக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால், கேட்டவர் வெளியூர் என்று புரிந்துகொள்வார்கள்.

இரும்புதான் தீர்ந்துகொண்டிருந்தது. பட்டறைக் கழிவுகள் தீர்ந்தன, வீட்டு வாசற்கதவு போனது, பிறகு கட்டில். அன்று தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த கணவர், மனைவியின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"போதும்மா. எனக்காக வீட்டையே அறுத்து நீட்டிட்ட. அந்த ஏரி நிக்காது. நான் நின்னுடறேன்."

வெல்டரம்மா கண்ணாடிக் கவசத்தைத் தூக்கினார். அழுகிறாரா, புகை பட்டதா என்று சொல்வதற்கில்லை.

"நிக்கறதா இருந்தா படகுல ஏறி நில்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினீங்க, உங்களையும் சேர்த்துப் பத்தவச்சிருவேன்."

மனிதர் சிரித்தார். ஏறினார். அன்றும் உயிரோடு திரும்பினார்.

தெரு தன்னிடமிருந்த இரும்பை எல்லாம் கொடுத்துவிட்டது. தையற்காரர் தம் இயந்திரத்தின் காலைக் கழற்றித் தந்துவிட்டு, மடியில் வைத்துக் கையால் தைக்கிறார். நாத்தனார் மாடிப்படியின் கைப்பிடியைத் தந்துவிட்டு, சுவரைப் பிடித்து இறங்குகிறாள். ஏரி நேற்றும் ஒதுங்கியிருக்கிறது. நாளை மருத்துவமனை நாள். தண்டு ஓர் ஆள் நீளம் குறைகிறது.

ஏரியை நிமிர்த்த இயக்கம் காண்போம், மாநாடு கூட்டுவோம், அது நம் கடமை. ஆனால் மாநாடு கூடும்வரை அந்த மனிதரின் இரத்தம் காத்திருக்காது. படித்து, உச்சுக்கொட்டி, பக்கத்தைப் புரட்டப் போகிறவரே, உங்களைத்தான் சொல்கிறேன். எழுந்திருங்கள். உங்கள் வீட்டுச் சன்னலில் கம்பிகள் இருக்கின்றன. கழற்றுங்கள்.